லேப்டாப் சாகவில்லை, பிள்ளைகளே!



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள். இன்னொரு கால் மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபம் உங்கள் மேல்தான்.

போன மாதம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவிலும் குடும்பக் குழுவிலும் ஒரே கேள்வியைப் போட்டேன். "என் லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது. மாற்றுவதற்கு எது வாங்கலாம்?" அவ்வளவுதான் கேள்வி. இரண்டு குழுக்களிலும் சேர்த்து 31 பதில்கள் வந்தன. பேப்பர் திருத்திப் பழகிய கை சும்மா இருக்குமா? உட்கார்ந்து எண்ணினேன். 24 பேர் "புது லேப்டாப் வாங்கிடுங்க" என்று எழுதியிருந்தீர்கள். நாலு பேர் கும்பிடு மட்டும் போட்டிருந்தீர்கள். இரண்டு பேர் "எஸ்.எஸ்.டி. போடுங்க" என்றதோடு நிறுத்திக்கொண்டீர்கள். ஒரே ஒரு தம்பி மட்டும்தான், "லேப்டாப் எந்த மாடல் சார்? உள்ளே இருக்கிற ஃபைலையெல்லாம் எடுத்துட்டீங்களா?" என்று திருப்பிக் கேட்டான்.

கேள்வியைப் படிக்காமல் பதில் எழுதுகிறவனுக்கு நான் எவ்வளவு மார்க் போடுவேன் என்று உங்களுக்குத் தெரியும். 24 பேருக்கும் முட்டை.

பெங்களூரில் இருக்கும் மருமகன் போனே செய்துவிட்டார். "பன்னிரண்டு வருஷத்து லேப்டாப்பை வச்சிக்கிட்டு என்ன மாமா பண்ணப் போறீங்க? தூக்கிப் போடுங்க. நான் இப்பவே ஆர்டர் போட்டுடறேன், நாளன்னைக்கு வீட்டுக்கே வந்துடும்" என்றார். அன்பில் சொன்னதுதான். அந்த அன்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சைக்கிளில் டயர் தேய்ந்துபோனால் டயரை மாற்றுகிறோம். ஹார்ட் டிஸ்க் தேய்ந்தால் மட்டும் லேப்டாப்பையே ஏன் மாற்ற வேண்டும்? இதை அவரிடமும் கேட்டேன். "அது வேற மாமா" என்றார். எப்படி வேறு என்று சொல்லவில்லை.

அது வேறு அல்ல. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த டிஸ்க்குக்குள் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருந்தீர்கள்.

1986-ல் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 2017-ல் ஓய்வு பெறும் வரை, ஒவ்வொரு வருஷமும் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் எடுத்துக்கொண்ட குரூப் போட்டோக்களைச் சேர்த்து ஆல்பமாக வைத்திருந்தேன். 2016 கோடை விடுமுறையில் அத்தனையையும் பள்ளி கம்ப்யூட்டர் லேபில் ஸ்கேன் செய்து என் லேப்டாப்பில் ஏற்றினேன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே யார் யார் நிற்கிறார்கள் என்று வரிசைப்படி பெயரும் அடித்து வைத்தேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் இருந்தவர்களுக்கு அந்த இரவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தென்னை போனது, ஓடு போனது, பரண் நனைந்தது. ஆல்பங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு செங்கல் மாதிரி ஆகிவிட்டன. பிரிக்கப் பிரிக்க முகங்கள் உரிந்து வந்தன. ஈரமில்லாத இடத்தில் இருந்தது லேப்டாப் மட்டும்தான். அன்றிலிருந்து அந்தப் படங்களுக்கு உலகத்தில் இருந்த ஒரே பிரதி, அந்த 500 ஜி.பி. டிஸ்க்.

"தூக்கிப் போடுங்க" என்று 24 பேர் சொன்னது அதைத்தான்.

தை மாதத்திலிருந்தே லேப்டாப் படுத்த ஆரம்பித்தது. ஆன் ஆவதற்கு ஏழெட்டு நிமிடம். ஒரு ஃபோல்டரைத் திறந்தால் காபி குடித்துவிட்டு வரலாம். பிறகு உள்ளேயிருந்து 'டிக்... டிக்...' என்று சத்தம். டவுனில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைப் பையன் ஆன் செய்து பார்த்தான். ஒரு ஸ்குரூவைக் கூடக் கழற்றவில்லை. "போர்டு போயிடுச்சு சார். இதுக்கு மேல செலவு பண்றது வேஸ்ட். எக்ஸ்சேஞ்ச்ல 1,500 போட்டுக்கிறேன், புதுசு 46,000 வரும்" என்றான். உள்ளே இருக்கிற போட்டோவெல்லாம் என்று இழுத்தேன். "அதெல்லாம் வராது சார், கிளவுட்ல போட்டிருக்கணும்" என்று அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டான்.

நாற்பது விநாடி. பத்தாம் வகுப்பு செய்முறைத் தேர்வில் ஒரு பையன் கருவியைத் தொடாமல் விடை எழுதினால் என்ன செய்வேனோ, அதைச் செய்துவிட்டு வந்தேன். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினேன்.

போர்டு போயிருந்தால் திரையே வந்திருக்காதே? கம்பெனி சின்னம் வருகிறது, மின்விசிறி சுற்றுகிறது, அதற்குப் பிறகுதான் திணறுகிறது. குழுவில் கேள்வியைத் திருப்பிக் கேட்ட அந்தத் தம்பி, 2003 பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, கடைசி பெஞ்ச், அன்று சாயந்தரம் வீட்டுக்கே வந்தான். கையில் ஒரு பென் டிரைவ். அதில் லினக்ஸ் இருந்தது. பென் டிரைவிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்கினான். இரண்டு நிமிடத்தில் பளிச்சென்று வேலை செய்தது. கீபோர்டு, திரை, வைஃபை, சத்தம் எல்லாம் சரி. "பாருங்க சார், எல்லாம் நல்லா இருக்கு. டிஸ்க் மட்டும்தான் படுத்திருக்கு" என்றான். செலவு எதுவும் இல்லாத சோதனை. கடைக்குப் போகுமுன் நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். அல்லது விண்டோஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் தன் உடம்பைப் பற்றித் தானே குறிப்பு எழுதி வைத்திருக்கும். கெட்டுப்போன பகுதிகளுக்குப் பதிலாக மாற்றிய செக்டார்கள் எத்தனை, படிக்க முடியாமல் காத்திருப்பவை எத்தனை என்று அதில் வரும். அந்த எண்ணிக்கைகள் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் கிளம்பத் தயாராகிவிட்டது என்று அர்த்தம்.

இனி, 24 பேரும் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

"பழசு, அதான் ஸ்லோ" என்றீர்கள். கொஞ்சம் கணக்குப் போடுங்கள். சாதாரண லேப்டாப் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். 60-ஆல் வகுத்தால் நொடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. நமக்கு வேண்டிய தகவல் முள்ளுக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். அது 5 அல்லது 6 மில்லி விநாடி. முள் சரியான தடத்துக்கு நகர்வதற்கு இன்னொரு 10, 12. ஆக, அங்கங்கே சிதறிக் கிடக்கும் தகவல் ஒவ்வொன்றுக்கும் 15 மில்லி விநாடிக்கு மேல். நொடிக்கு அறுபது எழுபது முறைதான் எட்டி எடுக்க முடியும். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்களைக் கேட்கிறது. திணறாமல் என்ன செய்யும்? எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்கும் நகர்வதற்கும் எதுவும் இல்லை. எங்கிருந்து எடுத்தாலும் ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. உங்கள் பழைய லேப்டாப்பின் மூளை மந்தமாகிவிடவில்லை. பீரோவிலிருந்து புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவர்தான் மெதுவாக நடக்கிறார். அவரை மாற்றினால் போதும்.

"காசு வேஸ்ட்" என்றீர்கள். 46,000 ரூபாய் செலவு செய்வதற்குச் சிக்கனம் என்று பெயர் வைத்தது யார்? நான் மாற்றிய 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி.க்கு ஆனது நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த விலை ஏறும், இறங்கும். ஆனாலும் புது லேப்டாப்பின் விலையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை.

"நேரம் இல்லை சார், யார் அதையெல்லாம் பார்க்கிறது" என்றீர்கள். என் லேப்டாப்பின் அடிப்பக்கத்தில் 12 ஸ்குரூ. டிஸ்க்கைப் பிடித்திருந்தது 4. கழற்றி மாட்ட இருபது நிமிடம். எந்தப் போனை வாங்கலாம் என்று நீங்கள் யூட்யூபில் விமர்சனம் பார்க்கிற நேரத்தில் இதை மூன்று முறை செய்துவிடலாம்.

சரி, எதை வாங்குவது? என் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லாததால் நானே படித்துத் தெரிந்துகொண்டேன். வரிசையாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம், பொருத்தம். பழைய லேப்டாப்பில் பெரும்பாலும் 2.5 அங்குல டிஸ்க், சாட்டா இணைப்போடு இருக்கும். இதில் தடிமன் இரண்டு வகை: 9.5 மில்லி மீட்டர், 7 மில்லி மீட்டர். இன்றைய 2.5 அங்குல எஸ்.எஸ்.டி.கள் 7 மில்லி மீட்டர். 9.5 இடத்தில் 7 தாராளமாக உட்காரும். ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் போதும். 7 இடத்தில் 9.5 நுழையாது. புதிய லேப்டாப்களில் எம்.2 என்ற சூயிங்கம் பட்டை மாதிரியான எஸ்.எஸ்.டி. இருக்கும். அதில் 2280 என்று போட்டிருந்தால் 22 மில்லி மீட்டர் அகலம், 80 மில்லி மீட்டர் நீளம் என்று பொருள். 2242, 2230 என்று குட்டைகளும் உண்டு. பலர் ஏமாறுவது இங்கேதான். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அந்த வடிவத்துக்குள் சாட்டா வகையும் உண்டு, என்.வி.எம்.இ. வகையும் உண்டு. சாட்டா மட்டும் தெரிந்த துளையில் என்.வி.எம்.இ. பட்டையைச் செருகினால் வேலை செய்யாது. "எஸ்.எஸ்.டி. போடுங்க" என்று இரண்டு வார்த்தையில் முடித்த இருவரும் இதைக் கவனிக்கவும். பழையதைக் கழற்றி, மேலே ஒட்டியிருக்கும் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது உத்தமம்.

இரண்டாவது, வேகம். அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். என்.வி.எம்.இ. நொடிக்கு 3,500 எம்.பி. என்று சொல்லும். சாட்டாவில் எவ்வளவு நல்ல எஸ்.எஸ்.டி. போட்டாலும் 550 சொச்சத்தைத் தாண்டாது. அதனால் குறை இல்லை. சாதாரண ஹார்ட் டிஸ்க் 100 சொச்சம்தான். லேப்டாப் இன்னும் பழையதாக இருந்து, பழைய சாட்டா இணைப்பாக இருந்தால் 270 அளவுக்குத்தான் வரும். அப்போதும் மாற்றலாம். மேலே சொன்ன அந்த எட்டி எடுக்கும் நேரம் எப்படியும் மிச்சம்.

மூன்றாவது, ஆயுள். "எஸ்.எஸ்.டி.யில் எழுத எழுதத் தேஞ்சிடுமாமே" என்று ஒரு சகலை கேட்டார். தேயும். எவ்வளவு எழுதலாம் என்று கம்பெனியே சொல்கிறது. சாம்சங் 870 ஈவோ 500 ஜி.பி.க்கு 300 டி.பி. என்று போட்டிருக்கிறார்கள், 5 வருஷ உத்தரவாதம். நீங்கள் தினம் 20 ஜி.பி. எழுதினால் 300 டி.பி. ஆவதற்கு 15,000 நாள். 41 வருஷம். நம்மில் யார் அதுவரை இருக்கப் போகிறோம்? மலிவு வகைகளில் இந்த அளவு குறையும், உத்தரவாதமும் 3 வருஷமாகும். க்ரூஷியல் பி.எக்ஸ்.500 480 ஜி.பி.க்கு 120 டி.பி. அதுவும் வீட்டு உபயோகத்துக்குப் போதும். இந்த எண்ணையே அச்சிடாமல் விற்கிற பெயர் தெரியாத சரக்கைத் தொடாதீர்கள்.

நான்காவது, கொள்ளளவு. 500 ஜி.பி. வாங்கிவிட்டு "465தான் காட்டுது, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று சண்டைக்குப் போகாதீர்கள். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 1024-ஆக எண்ணுகிறது. படி அதேதான், அளக்கிறவர் வேறு. உங்களிடம் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். அதைப்போல் இரண்டு பங்கு போதும். டிஸ்க் பெரிதாக இருந்தால் நாம் குப்பையைச் சேர்ப்போம் என்பது என் சொந்த அனுபவம்.

ஐந்தாவது, போலி. 2 டி.பி. எஸ்.எஸ்.டி. 900 ரூபாய் என்று விளம்பரம் வந்தால், அது 2 டி.பி. இல்லை. சின்ன மெமரி கார்டு மாதிரி ஒன்றை உள்ளே வைத்து, பெரியது என்று கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லச் சொல்லியிருப்பார்கள். நிரம்பியதும் பழைய ஃபைல் மேலேயே புதியதை எழுதும். என்றோ ஒருநாள் பேரனின் காதுகுத்துப் படத்தைத் திறக்கும்போதுதான் தெரியும். வாங்கியதும் 'எச்2டெஸ்ட்டபிள்யூ' போட்டு முழுக்க எழுதிப் படித்துச் சோதியுங்கள். லினக்ஸில் 'எஃப்3' உண்டு. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் 'எத்தனை மணி நேரம் ஓடியது' என்ற வரியையும் பாருங்கள். புதியது என்று வாங்கியதில் நாலாயிரம் மணி நேரம் காட்டினால், அது யாரோ ஒருவருடைய பழையது. பில் வாங்காமல் எதையும் வாங்காதீர்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

மறுபடியும் ஹார்ட் டிஸ்க்கே வாங்கலாமா என்று கேட்பீர்கள். லேப்டாப்புக்குள் வைக்க வேண்டாம். பாதுகாத்து வைக்கும் பிரதிக்கு வெளியே வைக்க வாங்கலாம், வாங்க வேண்டும். அதை வெளியே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் எஸ்.எஸ்.டி.யைப் புகழ்கிறவர்கள் அதன் இரண்டு குறைகளைச் சொல்வதில்லை. ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகும். எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் சொல்லாமல் போகும். நேற்று ஓடியது, இன்று இல்லை என்பதுபோல். இன்னொன்று, மின்சாரம் இல்லாமல் பீரோவில் கிடந்தால் எஸ்.எஸ்.டி.யில் இருப்பது மெல்ல மங்கும். எழுதும் ஆயுள் முழுவதும் முடிந்த ஒரு வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி., மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருஷம் தகவலை வைத்திருந்தால் போதும் என்பதுதான் அதற்கான தொழில்தர அளவுகோல். நம் ஊரில் சித்திரை மாதம் எத்தனை டிகிரி?

இப்போது எதிர்க்கட்சிக்கும் நியாயம் செய்கிறேன். புதியதுதான் வாங்க வேண்டும் என்கிற நிலைமையும் உண்டு. உண்மையிலேயே போர்டு போயிருந்தால், அல்லது ரேம் 2 ஜி.பி. மட்டும் இருந்து கூட்டவும் வழியில்லை என்றால், அதன் பின்னால் காசு கொட்ட வேண்டாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. என் லேப்டாப் விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லாதது. அலுவலக வேலைக்கு விண்டோஸ்தான் வேண்டும் என்பவர்களுக்கு அது நியாயமான காரணம். எனக்கு அப்படி எதுவும் இல்லை. லினக்ஸ் மின்ட் போட்டுக்கொண்டேன். தமிழ்99 விசைப்பலகை அதிலேயே கிடைக்கிறது. இந்தப் பதிவை அதில்தான் அடிக்கிறேன்.

இன்னொரு நிலைமையும் உண்டு. டிஸ்க்கை மாற்றவே முடியாதபடி போர்டோடு பற்றவைத்து விற்கிறார்கள். மலிவு லேப்டாப்களில் ஈ.எம்.எம்.சி. என்று போட்டிருந்தால் அது இந்த வகை. விலை உயர்ந்ததிலும் உண்டு. 2016-ல் வந்த டச் பார் மேக்புக் ப்ரோவிலேயே சேமிப்பைப் போர்டோடு சேர்த்துவிட்டார்கள். இதைத்தான் நான் எதிர்க்கிறேன். தேய்ந்தே தீரும் என்று கம்பெனியே எண் போட்டு ஒப்புக்கொள்கிற ஒரு பாகத்தை, கழற்றவே முடியாதபடி வைப்பது என்ன நியாயம்? நாம் "தூக்கிப் போடு, புதுசு வாங்கு" என்று சொல்லிச் சொல்லித்தான் அவர்களுக்குத் தைரியம் வந்தது. பழுது பார்க்கும் உரிமைக்காக 2022-ல் மத்திய அரசின் நுகர்வோர் துறை குழு போட்டது, அந்த வருஷக் கடைசியில் இணையதளமும் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் ஸ்குரூ டிரைவரைத் தொடாத கைக்கு எந்த உரிமை வந்து என்ன பயன்? அடுத்த முறை லேப்டாப் வாங்கும்போது "டிஸ்க்கையும் ரேமையும் கழற்றி மாற்ற முடியுமா?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அடுத்த மாடலைப் பாருங்கள்.

அந்த 1,500 ரூபாய் எக்ஸ்சேஞ்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிஸ்க்கோடு லேப்டாப்பைக் கொடுப்பது, பீரோவைச் சாவியோடு கொடுப்பதற்குச் சமம். ஆதார் நகல், பான் கார்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், வீட்டுப் பெண்களின் படங்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. "ஃபார்மட் பண்ணிட்டேன்" என்பீர்கள். சாதாரண ஃபார்மட் என்பது புத்தகத்தில் பொருளடக்கத்தைக் கிழிப்பதுதான். பாடங்கள் அப்படியே இருக்கும். படிக்கத் தெரிந்தவன் படித்துவிடுவான். லேப்டாப்பை விற்றாலும் டிஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் டிஸ்க் மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் சொத்து.

உங்களில் 2011-க்குப் பிறகு பிளஸ் டூ முடித்தவர்கள் பலரிடம் அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் இருக்கிறது. எங்கே இருக்கிறது? பரணில். அல்லது கட்டிலுக்கு அடியில். போன மாதத்திலிருந்து அந்தத் தம்பியும் நானும் அப்படி மூன்றைத் திறந்து பார்த்தோம். மூன்றிலும் 2.5 அங்குல சாட்டா டிஸ்க்தான், மூன்றிலும் படுத்திருந்தது டிஸ்க் மட்டும்தான். ஒன்றில் 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போட்டு, அந்த மாணவியின் மகளிடமே கொடுத்தோம். எட்டாவது படிக்கிறாள். அம்மா பிளஸ் டூவில் வாங்கிய லேப்டாப்பில் மகள் படிக்கிறாள். இதைத் தூக்கிப் போடச் சொன்னவர்கள் எழுந்து நில்லுங்கள்.

இவ்வளவு பேசிவிட்டு என் தப்பைச் சொல்லாமல் விட்டால் நான் வாத்தியாராக இருந்ததற்கு அர்த்தம் இல்லை.

கஜாவில் ஆல்பம் போன பிறகும், ஏழு வருஷம் ஒரே பிரதியோடு இருந்தவன் நான்தான். அடுத்த வாரம் ஒரு வெளி டிஸ்க் வாங்கிப் போடலாம், பொங்கலுக்கு மகன் வரும்போது செய்யலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். கடைக்காரப் பையன் "கிளவுட்ல போட்டிருக்கணும்" என்றபோது கோபம் வந்ததே, அதில் பாதி என் மேல் வந்த கோபம். அவன் சொன்னதில் பாதி உண்மை. கிளவுட் நல்லதுதான். ஆனால் கூகுளில் இலவசம் 15 ஜி.பி. வரைதான், அதை மெயிலும் பங்கு போட்டுக்கொள்ளும். இரண்டு வருஷம் தொடாமல் விட்ட கணக்கை அவர்கள் அழிக்கவும் செய்யலாம். கிளவுட் ஒரு பிரதியாக இருக்கலாம், ஒரே பிரதியாக இருக்கக் கூடாது. ஒன்று லேப்டாப்பில், ஒன்று வெளி டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் அல்லது கிளவுடில். மூன்று. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பரீட்சையில் கட்டாயம் வரும்.

அந்தத் தம்பி முதலில் செய்தது எஸ்.எஸ்.டி. வாங்கியது அல்ல. "சார், இனிமே இதை ஆன் பண்ணாதீங்க. ஆன் பண்ற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகும்" என்று டிஸ்க்கைக் கழற்றி எடுத்தான். 'டிடிரெஸ்க்யூ' என்று லினக்ஸில் ஒரு இலவசக் கருவி இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்டுப்போன இடங்களுக்குப் பிறகு திரும்பி வந்து முட்டிப் பார்க்கும். தெரிந்த கேள்வியை முதலில் எழுது, தெரியாததைக் கடைசியில் பார் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேனே, அதேதான். இரண்டு ராத்திரி, ஒரு பகல் ஓடியது. பக்கத்தில் மேஜை விசிறியை வைத்துவிட்டு நான் உட்கார்ந்திருந்தேன். கிட்டத்தட்ட எல்லாம் வந்துவிட்டன.

எல்லாம் அல்ல. இரண்டு படங்கள் வரவில்லை. 1997 மார்ச் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு. 2004 பிளஸ் டூ முதல் குரூப். முதல் படம் பாதிவரை திறக்கிறது. மேல் வரிசையில் நிற்பவர்களின் முகங்கள் தெரிகின்றன. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களும், தரையில் சம்மணமிட்டவர்களும், நடுவில் நானும் வெறும் சாம்பல் பட்டை. பெயர்ப் பட்டியல் மட்டும் முழுசாக இருக்கிறது. அந்த உட்கார்ந்த வரிசையில் ஒருவன் இன்று உயிரோடு இல்லை. யார் என்று அந்தக் கூட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். அவனுடைய வேறு போட்டோ அவன் அம்மாவிடமும் இல்லை என்று கேள்விப்பட்டேன்.

ஆகவே பிள்ளைகளே, புது லேப்டாப் வாங்கித் தர முன்வந்தவர்களுக்கு நன்றி, வேண்டாம். எனக்கு வேண்டியது வேறு. 1997-லும் 2004-லும் இருபது முப்பது ரூபாய் கொடுத்து அந்த குரூப் போட்டோவை வாங்கினீர்களே, அது உங்கள் வீட்டில் எங்கேயாவது இருக்கும். பிரேம் போட்டுச் சுவரில், அம்மாவின் டிரங்குப் பெட்டியில், கல்யாண ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில். இந்த ஞாயிற்றுக்கிழமை தேடுங்கள். வெயில் நேராக விழாத இடத்தில் வைத்து நேராகப் படம் எடுத்து அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாகுமென்ட்' என்று அனுப்புங்கள், சுருங்காமல் வரும். கிடைத்ததும் மொத்தப் படங்களையும் இரண்டு வெளி டிஸ்க்கில் போட்டு, ஒன்றை நம் பள்ளி நூலகத்திலும் ஒன்றை என் மகன் வீட்டிலும் வைக்கப் போகிறேன். கேட்கிறவர்களுக்கு அவரவர் வருஷத்துப் படத்தையும் அனுப்புகிறேன். அப்போது பிரதிகள் நூற்றுக்கணக்கில் ஆகிவிடும். புயல் வந்தாலும், டிஸ்க் போனாலும், நான் போனாலும் படம் போகாது.

அப்புறம், பரணில் கிடக்கும் லேப்டாப்பை இறக்குங்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் சனிக்கிழமை சாயந்தரம் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். ஸ்குரூ டிரைவர் என்னிடம் இருக்கிறது, காபி அம்மா போட்டுத் தருவார்கள். டிஸ்க் நீங்கள் வாங்கி வர வேண்டும். தடிமனை அளந்து பார்த்து வாங்கி வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் சார்